நான் வாங்கவில்லை

கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், மேடம். எவ்வளவு வெளுத்த சட்டையாக இருந்தாலும் அதில் தூசி இருக்கும். லென்ஸில் கீறல் விழும். கொஞ்சம் தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, அப்புறம் ஒரு மெல்லிய துணி. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது. ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

நீங்கள் ஒவ்வொன்றாகக் கேட்டு நான் ஒவ்வொன்றாகப் பதில் சொல்வதைவிட, நானே முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எல்லாருக்கும் வேலை மிச்சம். ஒரே ஒரு வேண்டுகோள். எழுதுகிறவர் பேனாவின் பின்பக்கத்தைக் கடிக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும். அந்தப் பேனாவில்தானே நான் கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும்.

மூக்குக்கண்ணாடிக் கடை என்றால் சுத்தமான தொழில் என்று நினைக்கிறார்கள். பளபளவென்று அலமாரி, வெள்ளை விளக்கு, சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருக்கிறவனுக்குத்தான் தெரியும். பழுது பார்க்க வருகிற ஒவ்வொரு கண்ணாடியும் ஒரு குப்பைத்தொட்டி. மூக்கில் உட்காருகிற ரப்பர்த் துண்டைக் கழற்றினால் கீழே பச்சையாக ஒரு பிசுக்கு இருக்கும். வியர்வை, முகப்பூச்சு, செத்த தோல் எல்லாம் சேர்ந்து ஊறிய பிசுக்கு. காதுக்குப் பின்னால் போகிற வளைவில் மெழுகு மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். கண்ணாடியை அப்போதுதான் கழற்றிக் கையில் கொடுப்பார்கள். மூக்கின் சூடு ஆறியிருக்காது. நான் கையுறை போட்டுக்கொள்வதில்லை, வருகிறவர் மனசு சங்கடப்படும். சிரித்துக்கொண்டே வாங்கி, அதிர்ந்து அழுக்கை உதறி எடுக்கிற சின்ன மின்சாரத் தொட்டியில் போட்டு, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுப்பேன். அவர்கள் படியிறங்கியதும் முழங்கை வரை சோப்புப் போடுவேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் முன்கோபக்காரன் இல்லை என்பது உங்களுக்குப் புரிய வேண்டும். என்னைப் போலப் பொறுமைசாலியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

கிரெடிட் கார்டு விஷயம் உண்மையான திருட்டில்தான் ஆரம்பித்தது. அதை மறக்காமல் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒருநாள் காலையில் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது கைபேசியில் செய்தி வந்தது. நான் கால் வைத்தே இராத ஊரில் என் கார்டில் யாரோ ஷூ வாங்கியிருக்கிறான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த செய்தி, ஒரு மதுக்கடையிலிருந்து. அதற்கடுத்து ஒரு தங்கும் விடுதி. கார்டு என்னவோ என் பர்ஸில் பத்திரமாக இருந்தது. பணம் போனது பெரிதில்லை. முகம் தெரியாத ஒருவன் என் பெயரைப் போட்டுக்கொண்டு குடித்து, என் பெயரைப் போட்டுக்கொண்டு படுத்து எழுந்திருக்கிறான். நம் உள்ளாடையை இன்னொருவன் உடுத்திப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டுப் போனது போல் இருந்தது.

வங்கியின் உதவி எண்ணுக்கு உடனே கூப்பிட்டேன். ஒரு பெண் பேசினாள். நல்ல குரல், கழுவித் துடைத்த கோப்பை மாதிரி.

"இதெல்லாம் நீங்க வாங்கலை, அப்படித்தானே சார்?"

"நான் வாங்கலை."

"அவ்வளவுதான் சார். இனிமே நாங்க பாத்துக்கறோம். உடனே கூப்பிட்டது ரொம்ப நல்லதாப் போச்சு."

இரண்டே வார்த்தை, மேடம். அதோடு அந்த அழுக்கு முழுக்கத் துடைத்துப் போய்விட்டது. பழைய கார்டை முடக்கினார்கள், புதியது உறையில் வந்தது, பணம் திரும்பி வந்தது. என் வாழ்க்கையில் எந்த அழுக்கும் அவ்வளவு சுலபமாகப் போனதில்லை.

அதற்கப்புறம் நான் இந்த விஷயத்தில் கரைகண்டவன் ஆகிவிட்டேன். வணிகர் சங்கத்துக் கூட்டத்தில் பேசக்கூடக் கூப்பிட்டார்கள். கார்டைக் கண்ணை விட்டு அகல விடாதீர்கள் என்றேன். ரகசிய எண்ணை அழுத்தும்போது இன்னொரு கையால் மூடிக்கொள்ளுங்கள், பக்கத்தில் நிற்பது கட்டிய மனைவியாக இருந்தாலும் சரி என்றேன்; எல்லாரும் சிரித்தார்கள். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று எவன் கூப்பிட்டாலும் வைத்துவிட்டு, கார்டின் பின்னால் அச்சடித்திருக்கிற எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். மாதக் கணக்கை வரி வரியாகப் படியுங்கள், ஏனென்றால் திருடன் முதலில் சின்னதாகத்தான் கடித்து ருசி பார்ப்பான். பழைய கார்டைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் சிப்பின் குறுக்கே வெட்டுங்கள். பேக்கரிக்காரர், தையல்காரர், சைக்கிள் கடைக்காரர் எல்லாரும் தலையாட்டிக் கேட்டார்கள். தெருவில் எனக்குக் 'கார்டு டாக்டர்' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. இன்றைக்கும் யாருக்காவது சந்தேகமான செய்தி வந்தால் முதலில் என்னிடம்தான் ஓடி வருவார்கள். எத்தனை பேர் பணத்தைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறேன் தெரியுமா. அதையும் எழுதலாம்.

கடைக்கு இரண்டு கட்டடம் தள்ளி ஓர் உணவகம். மதியம் அங்கேதான் சாப்பிடுவேன். பரிமாறுகிறவனுக்கு நாற்பது வயது இருக்கும். வருஷம் முழுக்க மூக்கு ஒழுகும். புறங்கையால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அதே கையால் தட்டை எடுப்பான். சூப் கிண்ணத்தைக் கொண்டுவரும்போது அவன் கட்டைவிரல் சூப்பில் குளித்துக்கொண்டே வரும். மேசையில் வைத்துவிட்டு, "சூடா இருக்கு சார், உடனே சாப்பிடுங்க" என்பான். அவ்வளவு அன்பு. முதலாளியிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "அலர்ஜி சார், பாவம், என்ன பண்ணுவான்" என்றார். நான் என்ன பண்ணுவேன் என்று அவர் கேட்கவில்லை.

ஒரு மாதம் கார்டுக் கணக்கைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு வரி இடறியது. கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயர். சத்தியமாகச் சொல்கிறேன், அது என்ன செலவு என்று எனக்குத் தெரியவில்லை. வங்கிக்குக் கூப்பிட்டேன். கார்டு எங்கேயாவது உங்கள் பார்வையை விட்டுப் போனதா என்று கேட்டார்கள். யோசித்துப் பார்த்தேன். உணவகத்தில் மட்டும் அவன் கார்டை உள்ளே எடுத்துப்போய்த் தேய்த்துக் கொண்டுவருவான். கார்டில் குழம்புக் கறையும் கூடவே வரும். அதைச் சொன்னேன். உங்களைப் போல ஜாக்கிரதையானவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார்கள். அந்த வாரமே முதலாளி அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்.

சில நாள் கழித்து, துவைத்துக் காய்ந்த சட்டையின் பையில் ஒரு காகித உருண்டை அகப்பட்டது. பிரித்துப் பார்த்தேன். லென்ஸ் கொண்டுவந்து போடுகிற வியாபாரிக்கு அதே உணவகத்தில் நான் விருந்து வைத்த பில். அடியில், பொடி எழுத்தில், அந்தக் கேள்விப்படாத நிறுவனத்தின் பெயர். உணவகத்தின் விருந்துக் கூடத்தை நடத்துவது அந்த நிறுவனம்தான், தினச் சாப்பாட்டுக்குக் கணக்கில் உணவகத்தின் பெயர்தான் வரும். எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கைபேசியைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் தோன்றியது, சொன்னால் நாளை மதியமே அவன் வந்துவிடுவான். அவன் வந்தால் அந்தக் கட்டைவிரலும் வரும். கைபேசியைக் கீழே வைத்தேன். மறுநாள் சாப்பிடப் போனேன். புதிய ஆள் கிண்ணத்தை ஒரு தட்டில் வைத்து, விரல் படாமல் கொண்டுவந்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சூப்பை மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

பழையவன் ஒரு தடவை கடைக்கு வந்தான். "நான் எடுக்கலை சார். என்னைப் பாத்தா எடுக்கறவன் மாதிரியா இருக்கு?" என்றான். அழுதான். அழுதால் அவனுக்கு மூக்கு எப்படி ஒழுகும் என்று நீங்களே நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். "வங்கி விசாரிக்குது, நான் என்ன பண்ண முடியும்" என்றேன். பொய் இல்லை. அவன் போன பிறகு, அவன் சாய்ந்து நின்ற கண்ணாடி மேசையைத் துடைத்தேன். திரும்பி வந்த விருந்துப் பணத்தை நான் தொடவில்லை, ஓர் அநாதை இல்லத்துக்கு அனுப்பிவிட்டேன். பிறத்தியார் காசு எனக்கு எதற்கு.

மருந்துக்கடைப் பெண்ணைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அந்த வழக்கை நீங்கள்தான் எடுத்தீர்கள் என்று நினைக்கிறேன். கல்லாவில் உட்கார்ந்திருப்பாள், விரலை நாக்கில் தொட்டுத்தான் காகித உறையைப் பிரிப்பாள். மாத்திரை போடுகிற உறை, மேடம். வியாதிக்காரர்கள் வாங்கிக்கொண்டு போவது. நான் ஒரு நாள், தபால் நிலையங்களில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஈரப்பஞ்சு வைத்த சின்னக் கிண்ணம் ஒன்றை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். "அட, எனக்கா சார்" என்று சிரித்தாள். மறுநாள் போனால் கிண்ணத்தில் சில்லறை கிடக்கிறது, விரல் நாக்கில் இருக்கிறது. "பழக்கம் சார், கை தானாப் போகுது" என்றாள்.

நான் என்னால் ஆனதைச் செய்து பார்த்துவிட்டேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அவள் என் கடையில்தான் கண்ணாடி போட்டிருந்தாள். விலாசம் கடைக் கணினியில் இருந்தது. அதே கணினியில், என் கார்டில், அவள் பெயருக்கும் விலாசத்துக்கும் முடி உலர்த்துகிற மெஷின் ஒன்றுக்கு ஆர்டர் போட்டேன். அது போய்ச் சேர்ந்ததும் வங்கிக்குக் கூப்பிட்டேன். இது நான் வாங்கவில்லை என்றேன். அந்த மாதம் கார்டை எங்கெல்லாம் கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். மருந்துக்கடையையும் சொன்னேன். மீதியை நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள். கடையில் வரிசையில் நின்றவர்கள் முன்னால் அவளைக் கூட்டிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். ஏதோ குலுக்கலில் பரிசு விழுந்திருக்கிறது என்று நினைத்தாளாம். மெஷினில் அவள் முடி சிக்கியிருந்ததாம். தன்னுடையது இல்லாத ஒரு பொருள் வீட்டுக்கு வந்தால் யாருடையது என்று விசாரிக்காமல் தலையில் வைத்துக்கொள்கிறவளை முழுக்க நிரபராதி என்று சொல்லிவிட முடியுமா. நான் கேட்கிறேன், அவ்வளவுதான்.

ஜாமீனில் வந்த பிறகு என்னைப் பார்க்க வந்தாள். "உங்க நம்பர் எனக்கு எப்படி சார் தெரியும்? நான் மெஷின்ல தேய்க்கறதோட சரி" என்றாள். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கண்ணாடியின் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. அவள் அழுது முடிப்பதற்குள் திருகாணியை முறுக்கி, கழுவியும் வைத்தேன். காசு வாங்கவில்லை. எனக்கு யார் மேலும் வன்மம் கிடையாது.

இனி என் மைத்துனன்.

என் மனைவி அவனைக் குட்டி என்று கூப்பிடுவாள். முப்பத்தைந்து வயதுக் குட்டி. சின்ன வயதிலிருந்தே வலிப்பு நோய். எந்த வேலையிலும் நிலைக்க மாட்டான். ஒருநாள் எல்லார் முன்னாலும் விழுவான், மறுநாள் முதலாளி நாசூக்காக அனுப்பிவிடுவார். கடைசியாக இருந்த அச்சகத்தையும் மூடிவிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். "வேலை கிடைக்கிற வரைக்கும்தான் அத்தான், உங்க காலைச் சுத்தின பாம்பா இருக்க மாட்டேன்" என்று சிரித்தான். சிரிப்புக்குக் குறைச்சல் இல்லை. வீட்டு வேலையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வான். நல்லவன். எழுதிக்கொள்ளுங்கள், நல்லவன்தான்.

ஆனால் சோப்பில் முடி இருக்கும். முகம் பார்க்கிற கண்ணாடி முழுக்கப் பற்பசைத் துளி. தண்ணீர்ப் பாட்டிலை வாயில் வைத்துக் குடித்துவிட்டு மறுபடி குளிர்பெட்டியில் வைப்பான். தூக்கிப் பார்த்தால் உள்ளே ரொட்டித் துகள் மிதக்கும். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே நகம் வெட்டுவான், நகம் சோபாவின் இடுக்கில் போகும். குளியலறையில் காறுகிற சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். மனைவியிடம் சொன்னேன். "அவன் என் இடுப்புல வளந்தவன். சின்ன விஷயத்தை ஊதிப் பெரிசாக்காதீங்க" என்றாள்.

ஒரு நாள் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவனுக்கு வந்துவிட்டது. நாற்காலியோடு சரிந்தான். வாயில் நுரை, மென்ற சாப்பாடு, எல்லாம். என் மனைவி பதறவில்லை, பழக்கம்தானே. ஒருக்களித்துப் படுக்க வைத்து, அடங்கிய பிறகு அவன் வாயை வெறுங்கையாலேயே துடைத்துவிட்டாள். துணி எடுக்கக்கூட இல்லை. கையைப் புடவையில் ஒரு தேய்ப்பு. அப்புறம் அதே கையால் கரண்டியை எடுத்து என் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாற வந்தாள்.

நான் எழுந்துவிட்டேன். "ஏன், பசிக்கலையா?" என்று கேட்டாள். அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை, மேடம். அன்றைக்குத்தான் இது இப்படியே போனால் என் மனைவியும் எனக்கு இல்லாமல் போய்விடுவாள் என்று பயந்தேன். அவளைப் பார்த்தாலே அந்தக் கைதான் தெரிந்தது.

அடுத்த வாரம் கடைக் கணினியிலிருந்து, அவன் பெயரில், வீட்டு விலாசத்துக்கு ஒரு விலை உயர்ந்த கைபேசி ஆர்டர் போட்டேன். அவள் வெளியே போயிருந்த சமயம் வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"எனக்கா அத்தான்?"

"உனக்குத்தான். வேலை தேடணும்னா நல்ல போன் வேணுமில்ல. அக்காகிட்ட இப்ப சொல்லாதே. நாளைக்கு நானே சொல்றேன்."

"மொதல் சம்பளத்துல திருப்பிக் குடுத்துடறேன் அத்தான்" என்றான். அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டான். அவன் வாயின் ஈரம் என் கழுத்தில் பட்டது. கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டு நின்றேன், அப்புறம் போய்க் குளித்தேன்.

குளித்துவிட்டு வந்து வங்கிக்குக் கூப்பிட்டேன். நான்காவது தடவை என்பதால் இந்த முறை என்னையே போலீஸில் புகார் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். மறுநாள் உங்கள் ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். கைபேசி அவன் கையிலேயே இருந்தது.

"இது யார் வாங்கினது?"

"அத்தான்தான் வாங்கிக் குடுத்தாங்க" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"நான் வாங்கலை" என்றேன்.

அவன் சிரிப்பு உடனே போகவில்லை. நான் ஏதோ விளையாட்டை இழுத்துக்கொண்டு போகிறேன் என்று நினைத்தான் போலிருக்கிறது. "அத்தான், வெளையாடாதீங்க" என்றான். என் மனைவி அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகம் அவன் பக்கமாகத் திரும்பி, "ஏன்டா குட்டி" என்று கேட்டபோதுதான் அவன் சிரிப்பு போனது. என்னை நம்பிவிட்டாள். நான் ஜாக்கிரதையானவன் என்று ஊருக்கே தெரியும், அவளுக்குத் தெரியாதா.

அவன் மாத்திரை வாங்குகிற இடம் அந்த மருந்துக்கடை. இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்திருக்கலாம் என்று உங்கள் ஆட்களுக்குச் சந்தேகம் வந்தது. நான் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்களாகவே முடிச்சுப் போட்டார்கள். விசாரிக்க வேண்டும், இன்று நிலையத்தில் இருக்கட்டும் என்று அவனை இங்கே கூட்டிக்கொண்டு வந்தார்கள். "புகாரை வாபஸ் வாங்கிடுங்க. எடுத்தே இருந்தாலும் போகட்டும், நம்ம குட்டிதானே" என்று என் மனைவி கெஞ்சினாள். "இனிமே என் கையில இல்லைம்மா, வங்கி எடுத்துட்டுப் போயிடுச்சு" என்றேன். வருத்தமாகத்தான் சொன்னேன்.

வக்கீலைப் பார்க்க ஓடினாள். ஓடுவதற்கு முன்னால் அவன் மாத்திரை டப்பாவை என் கையில் வைத்தாள். "ராத்திரி வேளை தப்பவே கூடாதுங்க. தப்பினா வந்துடும். இந்த மாதிரி நாள்ல கட்டாயம் வந்துடும். அவன் கையிலயே குடுத்து, முழுங்கறதைப் பாத்துட்டு வாங்க."

அந்த டப்பாவை நீங்கள் பார்க்கவில்லை. மூடி பிசுபிசுவென்று இருந்தது. உள்ளே மாத்திரைத்தூளும் வியர்வையும் சேர்ந்து ஓரமெல்லாம் அப்பியிருந்தது. ஒரு அறையில் மாத்திரையோடு ஒரு முடி. காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். தெருவிளக்கு போடுகிற நேரம். உங்கள் நிலையத்தின் பக்கச் சுவரில் யார் யாரோ மூத்திரம் பெய்து அந்த வாடை சாலைக்கு இந்தப் பக்கமே வந்தது. வாசலில் ஒரு காவலர் தீக்குச்சியால் பல் குத்திக்கொண்டிருந்தார். பெரிய தாடை. குத்தியதை எடுத்துப் பார்த்தார், கால்சட்டையில் துடைத்தார், குச்சியை மறுபடி பையில் போட்டுக்கொண்டார். அந்தக் கையில் நான் டப்பாவைக் கொடுக்க வேண்டும்.

நிலையத்துக்கு எதிரே இருக்கிற மெத்தைக் கடை வாசலில் நின்றேன். யோசிக்காமல் செய்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். நன்றாக யோசித்தேன். கொடுத்தால் குட்டி நாளையோ நாளன்றைக்கோ வெளியே வருவான், அவளே அழைத்துக்கொண்டு வருவாள், மறுபடி அதே சோப்பு, அதே பாட்டில், அதே கை. கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அவள் எனக்குத் தெளிவாகவே சொல்லியிருந்தாள். டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

"குடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டேன்."

"முழுங்கினானா?"

"முழுங்கினான். நல்லாத்தான் இருக்கான். உன்னைக் கவலைப்படாதேன்னு சொல்லச் சொன்னான்."

அன்றைக்கு அவள் தூங்கினாள். அந்த ஒரு ராத்திரித் தூக்கத்தையாவது என்னால் கொடுக்க முடிந்தது.

விடிந்ததும் ஆள் வந்தது. உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு தடவை இல்லையாம், அடுத்தடுத்து வந்திருக்கிறது. பக்கத்தில் ஒருக்களித்துப் படுக்க வைக்க ஆள் இல்லை. கண்டபோது முகத்தை யாரும் துடைத்துக்கூட விட்டிருக்கவில்லை. பிணவறையில் அடையாளம் காட்ட நான்தான் போனேன். அவளை விடவில்லை, அந்த நிலையில் அவனை அவள் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. பார்த்தால் தொட்டிருப்பாள்.

விசாரணையில் மாத்திரை யாரிடம் போனது என்று கேட்டார்கள். வாசலில் நின்ற பெரிய தாடைக்காரரிடம் கொடுத்தேன், அவரே உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தார், நான் தள்ளி நின்று பார்த்தேன் என்றேன். அவர் இல்லவே இல்லை என்று சாதித்தார். அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். இவ்வளவு தூரம் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் மெத்தைக் கடை வாசலில் கேமரா இருப்பதை அவர் கண்டுபிடித்துக்கொண்டு வருவார் என்றும் எதிர்பார்க்கவில்லை. நான் நிற்பது, டப்பாவை எடுப்பது, திரும்பப் பையில் போடுவது, நடப்பது. எல்லாம் தெளிவாக இருக்கிறது. நல்ல லென்ஸ்.

டப்பா கடையில் இருக்கிறது. மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டிவிட்டு நன்றாகக் கழுவிவிட்டேன். மேசையின் இரண்டாவது இழுப்பறை. இப்போது யார் வேண்டுமானாலும் தொடலாம்.

ஆகவே நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது இதுதான். பரிமாறுகிறவன் திருடவில்லை. மருந்துக்கடைப் பெண் திருடவில்லை. குட்டியும் திருடவில்லை. அந்தக் காவலரிடம் நான் எதையும் கொடுக்கவில்லை. மாத்திரை போகாவிட்டால் அவன் சாகக்கூடும் என்று தெரிந்துதான் நான் கொடுக்காமல் திரும்பினேன். கொலை என்று எழுதினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தச் சொல்லைப் பார்த்துப் பயப்படுகிறவன் இல்லை நான். ஆனால் என் குடும்பத்தைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். எனக்கென்று எதுவும் செய்துகொள்ளவில்லை. எல்லாம் அவளுக்காக.

அது வீண் போகவில்லை, மேடம். நேற்று நீங்கள் அவளைக் கூப்பிட்டு அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினீர்கள். வீட்டுக்கு வந்தாள். செருப்போடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன், குடிக்கவில்லை. ஆறுதலாக இருக்கட்டும் என்று தோளில் கை வைத்தேன். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து குளியலறைக்கு ஓடினாள். வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. பட்டினி வயிறு, பித்தமாக இருக்கும். வெகு நேரம் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. கதவு திறந்துதான் கிடந்தது, எட்டிப் பார்த்தேன். ரவிக்கையை இறக்கிவிட்டு, நான் கை வைத்த தோளில் சோப்பைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் சிவந்து கன்றிவிட்டது, அப்படியும் விடவில்லை. திரும்பத் திரும்பத் தேய்க்கிறாள், கழுவுகிறாள், மறுபடி சோப்பை எடுக்கிறாள்.

எனக்கு மனசு நிறைந்துபோய்விட்டது. கல்யாணமான நாளிலிருந்து தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சுத்தம் என்றால் என்ன என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.